மருமகள் எழுதிய மூன்றாவது பௌதிகம்

எங்கள் வீட்டுக்கு வந்தபோது மருமகள் ஒரு அலுமாரி, இரண்டு கதிரை, ஒரு சாக்கு நிறையப் புத்தகம் கொண்டுவந்தாள். அலுமாரியைத் தூக்கி வந்தவர்கள் வாய் திறக்கவில்லை. சாக்கைத் தூக்கியவன்தான் வழியெல்லாம் முனகினான். நான் கண்டிச் சந்தையில் நாட்டாமை வேலை பார்த்தவன். மூட்டை தூக்குகிறவனுக்கு எங்கள் பக்கம் நாட்டாமை என்றுதான் பெயர். வெங்காயம், சீனி, உருளைக்கிழங்கு, எது தோளில் எப்படி உட்காரும் என்று தெரியும். புத்தகம் மட்டும் உட்காராது. மூலை மூலையாகக் குத்தும். அவனிடமிருந்து நானே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் படியில் ஏறினேன். என்ன சரக்கு இது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்துக் கூட்டியது சந்தையில்தான், சாக்குகளின் மேல் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்து. அதனால் எனக்கு முதலில் வாசிக்கத் தெரிந்த சொல் 'பருப்பு'. அம்மா, ஆடு எல்லாம் பிறகு வந்தவை.

கல்யாணப் பேச்சு நடந்தபோது மருமகளின் தகப்பனார் ஒன்றே ஒன்று கேட்டார். "பிள்ளை உயர்தரப் பரீட்சை ரெண்டு தடவை எழுதிட்டா. உயிரியல் பாஸ், ரசாயனம் பாஸ். பௌதிகம்தான் ரெண்டு தடவையும் காலை வாரிருச்சு. கம்பஸுக்கு, அதான் பல்கலைக்கழகத்துக்கு, போகணும்னா மூணு பாடமும் ஒரே தடவையில பாஸாகணும், அதுக்கு மூணு தடவைதான் கணக்கு. இன்னும் ஒரு தடவை இருக்கு. அதை எழுத விடுவீங்களா?"

"எழுதட்டுமே, அதுக்கென்ன" என்றேன். ஏதோ கடிதம் எழுதுகிற மாதிரி நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கல்யாணம் ஆயிற்று, பேத்தி பிறந்தாள். மகன் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை, மாதம் ஒரு தடவை வருவான். என் மனைவி காலமாகி நாளாயிற்று. தெல்தோட்டை ரோட்டுக்கு மேலே இருக்கிற எங்கள் வீட்டில் நான், மருமகள், தவழ்கிற பேத்தி, கட்டிலுக்கு அடியில் அந்தச் சாக்கு. பேத்தி நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் மருமகள் சாக்கை வெளியே இழுத்து வாயை அவிழ்த்தாள்.

"மாமா, இந்த வருசம் எழுதிரவா?"

"எழுதும்மா."

"இதுதான் கடைசி. இதுலயும் பௌதிகம் போச்சுன்னா, வாழ்நாளைக்கும் கம்பஸ் வாசல் கிடையாது."

அவள் சொன்ன விதத்தில்தான் அது கடிதம் இல்லை என்று எனக்கு விளங்கியது.

படிக்கிற நேரம் என்று அவளுக்குத் தனியாக ஒன்று கிடையாது. விடியற்காலையில் தண்ணீர் பிடிப்பது, சமையல், பிள்ளை. பகலில் பிள்ளை தூங்குகிற நேரம்தான் சொந்தம். அப்போது கதிரையைக் கதவோரம் போட்டு உட்கார்ந்து பழைய பரீட்சைத் தாள்களை எடுப்பாள். கேள்வியை மனத்துக்குள் வாசித்தால் பாதியில் பயம் வந்துவிடுகிறது என்றாள். அதனால் எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். அவள் கேள்வியைச் சத்தமாக வாசிப்பாள். நான் இரண்டே கேள்வி கேட்க வேண்டும். என்ன கொடுத்திருக்கு? என்ன கேட்டிருக்கு?

"உங்களுக்கு வெளங்கணும்னு இல்ல மாமா. கேட்டா போதும்."

"அது நல்ல வேலை. வெளங்கணும்னா நான் வேலையை விட்டுருவேன்."

இப்படியாக நான் பௌதிகத்துக்குள் போனேன். சந்தையில் முதலாளிமார் சரக்கு விலை பேசும்போது பக்கத்தில் நின்று தலையாட்டுவோமே, அப்படி. ஆனால் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் காதில் தங்கத்தான் செய்தது. நிலைமின்னியல் என்று ஒரு பகுதி, பொருள்மேல் ஏறி நிற்கிற மின்சாரம், அதற்கு ஏற்றம் என்று பெயர். கூட்டல் ஏற்றமும் கூட்டல் ஏற்றமும் ஒன்றையொன்று தள்ளும், கூட்டலும் கழித்தலும் இழுக்கும். ஒருநாள் அவள் "ரெண்டு நேர் ஏற்றம், ஒரு மீட்டர் தூரத்துல..." என்று வாசிக்கத் தொடங்கியதும் நான், "ரெண்டும் கூட்டலா? அப்ப சண்டைதான்" என்றேன். அவள் சிரித்து, கேள்வியை மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாயிற்று.

ஆனால் அந்தப் பகுதி அவளுக்கு ஒட்டவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நான் எதையும் கண்ணால பாத்ததில்ல மாமா. எங்க ஸ்கூல்ல ஆய்வுகூடம்னு பூட்டின ரூம் ஒண்ணு இருந்துச்சு. பௌதிகத்துக்கு ஒரு சேர் வந்தாரு, சில மாசத்துல மாற்றம் வாங்கிட்டுப் போயிட்டாரு. மிச்சமெல்லாம் போன்ல பாத்துப் படிச்சதுதான். இந்தியாவுல இருந்து ஒரு சேர் தமிழ்ல நல்லா சொல்லிக்குடுப்பாரு."

சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துண்டை இழுக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. "அதைத்தான் செஞ்சு பாப்பமே" என்றேன். செய்து பார்த்தோம். இழுக்கவில்லை. அவள் தலையில் தேங்காய் எண்ணெய், என் தலையில் தேய்க்க முடியே இல்லை. வெளியே பனி மூட்டம் வாசலுக்குள் வந்து நிற்கிறது, சுவரைத் தொட்டால் ஈரம். எங்கள் மலையில் தீப்பெட்டியே அடுப்புப் பக்கத்தில் இருந்தால்தான் பற்றும். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, மருமகளுக்குப் பேன் பாக்கிறீங்களா?" என்றாள்.

"பேன் இல்ல, பௌதிகம்" என்றேன்.

"அப்ப அதுக்கும் மருந்து வச்சு எடுங்க."

மருமகள் முகம் சுருங்கியது. அன்றைக்கு விட்டுவிட்டோம். மறுநாள் அவள் தானாகவே ஒன்று கண்டுபிடித்தாள். என் கம்பளித் தொப்பியையும் சீப்பையும் காகிதத் துண்டுகளையும் அடுப்புக்கு மேலே, விறகு காயவைக்கிற தட்டில் வைத்தாள். சமையல் முடிந்து தணல் மட்டும் இருந்தபோது எல்லாம் மொறுமொறு என்று காய்ந்திருந்தன. அங்கேயே நின்று தொப்பியில் சீப்பைத் தேய்த்துக் காகிதத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். காகிதம் எழும்பிப் பாய்ந்து சீப்பில் ஒட்டியது. பேத்தி கை தட்டினாள். நானும் தட்டினேன். மருமகள் தட்டவில்லை. திரும்பத் திரும்பத் தேய்த்து, திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஈரம்தான் மாமா ஏற்றத்தைக் களவெடுத்துட்டுப் போகுது. அதையும் புத்தகத்துல போட்டிருக்கு. நான் வாசிச்சிருக்கேன். நம்பலை."

அதற்குப் பிறகு நிலைமின்னியல் வழிக்கு வந்தது. இரண்டு ஏற்றத்துக்கு நடுவில் எந்த இடத்தில் விசை இல்லாமல் போகும் என்று ஒரு வகைக் கேள்வி அடிக்கடி வரும். அதைப் பேத்தியை வைத்தே செய்து காட்டினாள். பிள்ளையை நடுவில் நிறுத்தி, அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் இருந்து கூப்பிட்டோம். பிள்ளை நேரே தாயிடம் ஓடிவிட்டது.

"பாத்தீங்களா? நடுவுல நின்னா சரிவராது. உங்களுக்குக் கிட்ட நின்னாத்தான் ரெண்டு இழுப்பும் சமம். ஏன்னா அம்மா இழுப்பு பெருசு."

"என் கையில பிஸ்கட் இருந்தா?"

"அப்ப புதுக் கேள்வி மாமா. ஏற்றம் மாறிருச்சு."

காந்தவியல் வந்தபோது எங்களுக்கு வெளியிலும் பேர் வந்துவிட்டது. இடது கை விதி என்று ஒன்று. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று குறுக்காக நீட்ட வேண்டும். ஒரு விரல் காந்தப்புலம், ஒரு விரல் மின்னோட்டம், ஒரு விரல் கம்பி தள்ளப்படுகிற பக்கம். மருமகள் குழம்பு கிண்டும்போது வலது கையில் அகப்பை, இடது கையில் மூன்று விரல். கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் பஸ்ஸில் மூன்று விரல். கையைத் திருப்பி, முழங்கையை மடக்கி, ஜன்னல் பக்கம் ஒரு விரல், கூரைக்கு ஒரு விரல் என்று வைத்துக்கொண்டிருந்தாள். முன் ஆசனத்தில் இருந்த பெரியவர் திரும்பி என்னிடம் மெல்லக் கேட்டார். "புள்ளை பரதநாட்டியமா?"

"இல்லைங்க, கரண்டு."

அவர் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "கவனம்" என்றார்.

என் கையையும் அவள் கேட்டாள். என் நடுவிரல் ஒரு காலத்தில் மூட்டைக் கொக்கியில் மாட்டி வளைந்தது, நிமிராது. நான் எவ்வளவு முயன்றாலும் மின்னோட்டம் மட்டும் பக்கத்து வீட்டுப் பக்கமே போகும். அந்த விரலைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துவிட்டது. ஆனாலும் காந்தம் அவளுக்குச் சீக்கிரம் கைவந்தது. போனில் வருகிற அந்த இந்திய வாத்தியாரின் பாடம் அதற்கு நன்றாக உதவியது. அதையும் சொல்ல வேண்டும். அந்த மனிதரை நாங்கள் கண்டதில்லை. மத்தியானத்தில் எங்கள் வீட்டில் அதிகமாகப் பேசியவர் அவர்தான்.

கவிழ்த்தது ஒளியியல். அதிலும் வில்லைக் கணக்கு. வில்லை என்பது வேறொன்றும் இல்லை, கண்ணாடிதான், நடுவில் தடித்தது ஒரு ஜாதி, நடுவில் மெலிந்தது ஒரு ஜாதி. பொருள் இத்தனை தூரத்தில், வில்லை இன்னது, அதன் விம்பம் எங்கே விழும் என்று கேட்பார்கள். அவள் செய்வாள். கடைசிப் பக்கத்தில் விடை பார்ப்பாள். ஒருநாள் சரி. மறுநாள் அதே மாதிரிக் கேள்வி, பிழை. மூன்றாம் நாள் சரி. எப்போதும் பிழையானால் ஒரு பாடம் தெரியவில்லை என்று இருந்துவிடலாம். இது ஆளைத் தின்றது. இரண்டு தடவை பரீட்சையிலும் தன்னைக் கவிழ்த்தது இதுதான் என்று அவளுக்குத் தெரியும். எங்கே பிழை என்றுதான் தெரியாது.

ஒருநாள் தாளை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். "கணக்கு நேராத்தான் இருக்கு மாமா. என் மூளைதான் கோணல்."

"அப்பிடிச் சொல்லாத."

"எத்தனை தடவை பாத்துட்டேன். கூட்டல் சரி, பெருக்கல் சரி. விடை மட்டும் வேற. பக்கத்து வீட்டு அக்கா அடிக்கடி சொல்ற மாதிரி, எல்லாருக்கும் எல்லாம் வராது."

பரீட்சைக்கு அப்போது அதிக நாள் இல்லை. மகன் போனில், "முடியலன்னா விடச் சொல்லுங்கப்பா, உடம்பக் கெடுத்துக்கப் போறா" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். நான் அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

என்னிடம் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் நடைபாதையில் வாங்கியது, பேப்பர் வாசிக்க. விற்றவன் அதைக் கொண்டு என் உள்ளங்கை ரேகையைக் காட்டி, "ஐயாவுக்கு ஆயுசு கெட்டி" என்று சொல்லியே விற்றான். இரண்டொரு நாள் கழித்து, பிள்ளை தூங்கிய நேரம், அவள் அதைக் கையில் எடுத்தாள். ஜன்னலுக்கு நேரே பிடித்து எதிர்ச் சுவருக்குக் கிட்டே கொண்டுபோனாள். சுவரில் எதிர்மலை விழுந்தது. தலைகீழாக. தேயிலை நிரை, மேலே போகிற ரோட்டு, அதில் ஊர்கிற ஒரு சிவப்புப் பஸ், எல்லாம் கவிழ்ந்து. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்தக் கண்ணாடியை எத்தனை வருடம் வைத்திருக்கிறேன், அதற்குள் எதிர்மலை இருந்தது தெரியாது.

"மாமா, சீப்பு செஞ்சம்தானே. இதையும் செஞ்சே பாத்துருவம்."

ஜன்னலுக்குச் சாக்கு மாட்டினோம். சவர்க்காரக் கட்டியைக் கீறிப் பூதக்கண்ணாடியை அதில் நிறுத்தினாள். மேசையில் தையல் டேப்பை விரித்தாள். எதிர்மலை விழுந்த தூரத்தை வைத்து அந்தக் கண்ணாடியின் குவியத்தூரம் இருபது சென்டிமீட்டர் என்று பார்த்துவைத்திருந்தாள். மெழுகுதிரியைக் கண்ணாடிக்கு முப்பது சென்டிமீட்டர் தள்ளி வைத்தாள். கணக்கைச் செய்தாள். விடை பன்னிரண்டு.

"கலண்டர் மட்டையைப் பன்னிரண்டுல பிடிங்க மாமா."

பிடித்தேன். வெளிச்சம் ஒரு பெரிய திட்டாக விழுந்தது, அவ்வளவுதான். சுடர் இல்லை.

"இல்லியே."

"கொஞ்சம் பின்னுக்கு வாங்க. இன்னும். இன்னும் வாங்க."

மேசை முடிந்துவிட்டது. நான் மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டில் பக்கம் பின்னால் நடந்தேன். திட்டு சுருங்கியது, சுருங்கி, திடீரென்று ஒரு சுடர். தலைகீழான சுடர், நுனி கீழே ஆடுகிறது. அவ்வளவு தெளிவு, ஊதினால் அணையும் போல.

"அசையாதீங்க மாமா!"

டேப்பை நீட்டினாள். அறுபது. எத்தனை தடவை அளந்தாலும் சுடர் அறுபதில்தான் நின்றது. மெழுகுதிரிக்கு எந்தப் புத்தகமும் தெரியாது.

அவள் கீழே உட்கார்ந்து கணக்கை எழுதினாள், அடித்தாள், எழுதினாள். பன்னிரண்டு எங்கிருந்து வருகிறது, அறுபது எங்கிருந்து வருகிறது என்று பின்னாலிருந்து முன்னுக்கு வந்தாள். பிறகு ஸ்கூல் சேர் சொன்னதை வாய்விட்டுச் சொன்னாள். போனில் அந்த இந்திய சேர் பாடத்தைப் போட்டாள், நிறுத்தினாள், மறுபடி போட்டாள். நான் மட்டையைப் பிடித்தபடியே நிற்கிறேன், யாரும் இறக்கச் சொல்லவில்லை.

"மாமா."

"சொல்லும்மா."

"ரெண்டு பேரும் சரி. ஆனா ரெண்டு பேரும் வேற வேற."

அவள் விளக்கியதை எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன். தூரத்தை அளக்கும்போது ஒரு பக்கத்தைக் கூட்டல் என்றும் மறுபக்கத்தைக் கழித்தல் என்றும் வைக்கிறார்கள். வெளிச்சம் வருகிற பக்கத்தைக் கூட்டல் என்று வைப்பது அவளுடைய ஸ்கூல் சேர் சொன்ன வழக்கம். போகிற பக்கத்தைக் கூட்டல் என்று வைப்பது கடலுக்கு அந்தப் பக்கத்து வழக்கம். எதை வைத்தாலும் முழுக்க வைத்தால் அறுபது வரும். இவள் மெழுகுதிரிக்கு ஒரு வழக்கத்தையும் கண்ணாடிக்கு மறு வழக்கத்தையும் வைத்திருக்கிறாள். அதுதான் பன்னிரண்டு. பாதிப் பாடம் ஒருவரிடம், பாதிப் பாடம் ஒருவரிடம் படித்த பிள்ளைக்குத்தான் இந்தப் பிழை வரும். ஒழுங்காக ஒரே இடத்தில் படித்த பிள்ளைக்கு வராது.

எனக்குச் சந்தையில் ராத்தல் போய்க் கிலோ வந்த காலம் ஞாபகம் வந்தது. தராசுப் படி கிலோவில், வாய் விலை ராத்தலில். வாங்குகிறவன் கத்த, விற்கிறவன் கத்த, இரண்டு பேரும் உண்மைதான் பேசுவார்கள். அதைச் சொன்னேன்.

"அதேதான் மாமா!" என்று அவள் எழுந்து நின்றாள். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "மூளை கோணல் இல்ல. மூளை கோணலே இல்ல!"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தள்ளினாள். பட்டப்பகலில் சாக்கு மாட்டி, மெழுகுதிரி கொளுத்தி, நான் ஒரு மட்டையை ஏந்திக்கொண்டு நிற்கிறேன், மருமகள் அழுதுகொண்டு சிரிக்கிறாள்.

"ஐயோ, என்ன அண்ணே, யாரு செஞ்ச செய்வினை?"

"வாங்க அக்கா, இங்க பாருங்க" என்று மருமகள் அவள் கையைப் பிடித்து இழுத்து அந்தத் தலைகீழ்ச் சுடரைக் காட்டினாள். அவள் மட்டையின் பின்பக்கம் பார்த்தாள், கையை வைத்து மறைத்துப் பார்த்தாள். போகும்போது, "பிள்ளையை நான் கொஞ்சம் பாத்துக்கிறேன், நீ படி" என்று தொட்டிலில் இருந்து தூக்கிக்கொண்டு போனாள்.

அதிலிருந்து பரீட்சை வரை அவள் ஸ்கூல் சேர் வழக்கத்தையே பிடித்துக்கொண்டாள். வில்லைக் கணக்கு எது வந்தாலும் எண்ணைத் தொடுவதற்கு முன்னால் ஒரு அம்புக்குறி போட வேண்டும், "வெளிச்சம் இங்கிட்டு இருந்து வருது" என்று சொல்ல வேண்டும். பேத்தியும் சுவர், கதவு, நான் இடுப்பில் கட்டியிருந்த சாரம் எல்லாவற்றிலும் விரலால் இழுத்து "வெச்சம், வெச்சம்" என்று திரிந்தாள். வந்த கணக்கெல்லாம் சரி. ஒற்றை வில்லை, இரட்டை வில்லை, ஆடி, எது போட்டாலும் சரி. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நடந்தது படிப்பு இல்லை, வேட்டை.

பௌதிகப் பரீட்சை நாள் நல்ல மழை. கண்டி டவுனில் பரீட்சை நிலையம். நானும் பேத்தியோடு போனேன். அவள் உள்ளே போனதும் பிள்ளையைக் குளத்தங்கரைக்குக் கொண்டுபோய் மீன் காட்டினேன், குடைக்குக் கீழே நின்று பொரிகடலை தின்றோம். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. முடிகிற நேரத்துக்கு வெகு முன்னாலேயே வாசலுக்கு வந்துவிட்டேன். பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். எல்லார் முகத்தையும் பார்த்தேன், ஒன்றும் நன்றாயில்லை. அவர்களுக்குப் பின்னால் இவள் வந்தாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் நேரே நடந்து.

"எப்பிடிம்மா?"

"வில்லை வந்துச்சு மாமா. ரெண்டு வில்லை, நடுவுல இடைவெளி விட்டு. பக்கத்துல இருந்த புள்ள பேனையைக் கீழ வச்சிருச்சு. நான் அம்பு போட்டேன்."

"வாய்விட்டுச் சொன்னியா?"

"மெல்லமா. மேற்பார்வை பாக்கிற மிஸ் திரும்பிப் பாத்தாங்க."

முடிவு வர மாதக்கணக்காயிற்று. வந்த அன்று எங்கள் வீட்டில் போனுக்குச் சிக்னல் இல்லை. அப்படிப்பட்ட நாளில் மேட்டில் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போனால்தான் கிடைக்கும். நான் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டேன், அவள் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள், மேலே போனோம். போனில் தன் பரீட்சைச் சுட்டெண்ணை அடித்தாள். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை, கீழே லயக் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா. பௌதிகம் பி."

"பின்னா?"

"பாஸுக்கு மேல சி. சிக்கும் மேல பி."

நாட்டாமைக்கு முதுகு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் தொண்டை. மூட்டையோடு சந்தைக்குள் வரும்போது ஒரு சத்தம் போட்டால் கூட்டம் இரண்டாகப் பிரிய வேண்டும். அந்தத் தொண்டையைத் திறந்தேன். "பௌதிகம் பாஸ்! என் மருமகள் பௌதிகம் பாஸ்!" கீழே லயத்தில் கதவுகள் திறந்தன. தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு ஓடிவந்து, கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்து, "யாரு பாஸ்?" என்று கத்தினாள். தோளில் இருந்த பேத்தி பயந்துபோய் என் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ மாமா, கத்தாதீங்க!" மருமகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "மத்த ரெண்டு பாடத்தையும் இன்னும் பாக்கவே இல்ல. திரையை மேல தள்ளணும்."

"தள்ளு, தள்ளு."

தள்ளினாள். இரண்டும் பாஸ். கம்பஸுக்கு எழுதிப்போட அது போதும் என்று சொல்லி அவள் தண்ணீர்த் தாங்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பக் கத்தலாமா?" என்று கேட்டேன்.

"இப்பக் கத்துங்க மாமா."